பேப் ஸ்மியரா, எச்பிவி சோதனையா? கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் காலைச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் எங்கள் பக்கத்து லயத்தில் குடியிருந்த அக்கா ஒருவர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸி ஒரு குச்சியைக் கொடுத்து, நீங்களே எடுத்துக் கொடுங்கன்னு சொல்றாங்கம்மா. முன்னெல்லாம் படுக்க வச்சு அவங்கதானே எடுப்பாங்க. நானே எடுத்தா சரியா வருமா? எது நல்ல டெஸ்ட்?"

அவருக்கு வயது 47. செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. கடைசியாகப் பேப் ஸ்மியர் எடுத்தது கடைக்குட்டி பிறந்த பிறகு. அந்தப் பையன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் ஐந்தில் படிக்கிறான்.

சந்தையில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. சில ஆண்டுகளாகத் தோட்டத்துப் பெண்களோடு கிளினிக்குக்குத் துணைக்குப் போய் வருகிறேன். அந்த அக்காவுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: உங்களுக்கு வேண்டியது சோதனையா, டாக்டரா?

இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனைகள் எல்லாம் உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கு உரியவை. உடலுறவுக்குப் பிறகு ரத்தம் படுகிறதா? மாதவிலக்கு நின்று ஓராண்டுக்கு மேலாகியும் ரத்தம் காட்டுகிறதா? இரண்டு மாதவிலக்குக்கு நடுவே ரத்தம் வருகிறதா? நாற்றத்தோடு வெள்ளை படுகிறதா, அதில் ரத்தமும் கலந்து வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் குச்சியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். நேராக டாக்டரைப் பார்த்து, கருப்பை வாயைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். "போன வருஷம் பேப் ஸ்மியர் நல்லாத்தானே இருந்தது" என்று சும்மா இருந்துவிடவும் கூடாது.

இரண்டாம் படி: எந்தச் சோதனை எதைத் தேடுகிறது

இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய முழுக்க முழுக்க எச்பிவி என்ற வைரஸால் வருகிறது. அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மன் மருத்துவர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. புற்றுநோய்க்குக் காரணமாக எண்ணப்படுபவை 14 அளவில்தான். அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டும் பத்தில் ஏழு கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். உடலுறவு கொண்ட எவருக்கும் வாழ்நாளில் ஒரு முறையாவது எச்பிவி தொற்றியிருக்கக்கூடும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அது தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் அங்கே உள்ள செல்கள் மெல்ல மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குச் சாதாரணமாக 10 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இத்தனை நீண்ட அவகாசம் கொடுக்கிற புற்றுநோய் வேறு அதிகம் கிடையாது.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். வெள்ளை வேர் நோய் வந்த மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு தடவை காட்டினார். இலை மஞ்சளாகும் வரை காத்திருந்தால் வேர் அதற்கு முன்பே அழுகிப் போயிருக்குமாம். அதனால் மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்து, மண்ணைக் கையால் ஒதுக்கி, வேர்த்தண்டில் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சணம் ஓடியிருக்கிறதா என்று பார்ப்பார். மேலே இலை பச்சைப் பசேலென்று இருக்கும், கீழே நூல் ஓடியிருக்கும்.

எச்பிவி டிஎன்ஏ சோதனை அந்த நூலைத் தேடுகிறது. செல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பதில்லை, மாற்றத்தை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. பேப் ஸ்மியரோ முதல் இலை வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறது. கருப்பை வாயிலிருந்து சுரண்டியெடுத்த செல்களைக் கண்ணாடிச் சில்லில் தடவி, நிறமேற்றி, நுண்ணோக்கியில் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, உருவம் மாறிய செல்களைக் கண்டுபிடிக்க வேண்டும். எடுப்பவரின் கையும் பார்ப்பவரின் கண்ணும் சரியாக இருந்தால்தான் முடிவு சரியாக வரும்.

அதனால்தான் இந்த வித்தியாசம்: சிகிச்சை தேவைப்படும் அளவுக்குச் செல்கள் மாறிவிட்ட 100 பெண்களை எடுத்துக்கொண்டால், ஒரே தடவை எடுக்கும் பேப் ஸ்மியர் அவர்களில் ஏறக்குறைய 50 முதல் 75 பேரைக் கண்டுபிடிக்கும். எச்பிவி சோதனை 90 பேருக்கு மேல் கண்டுபிடித்துவிடும். பேப் ஸ்மியரை அடிக்கடி எடுக்கச் சொல்வதும் இதனால்தான். ஒரு தடவை விட்டதை அடுத்த தடவை பிடித்துவிடலாம், நோய் மெதுவாகத்தானே வளர்கிறது. ஆனால் எங்கள் ஊரில் எத்தனை பேர் அடுத்த தடவை போகிறார்கள்?

அதற்காகப் பேப் ஸ்மியரைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஜார்ஜ் பாப்பனிகொலாவு என்ற கிரேக்க மருத்துவரின் பெயரால் வந்த இந்தச் சோதனையை ஒழுங்காக நடத்திய நாடுகளில் இந்தப் புற்றுநோய் பெருமளவு குறைந்தது. மலேசியாவில் 1969-இலிருந்து எடுக்கிறார்கள். ஒரு விஷயத்தில் அது எச்பிவி சோதனையைவிட மேல்: வீண் பயம் குறைவு. எச்பிவி சோதனை, தானாகப் போய்விடப் போகிற வைரஸையும் சேர்த்துக் காட்டிக் கொடுக்கும். குறிப்பாக 30 வயதுக்குக் கீழே தொற்று சகஜம், அது போய்விடுவதும் சகஜம். அந்த வயதில் எல்லாருக்கும் எச்பிவி சோதனை செய்தால், தேவையில்லாமல் பல பெண்களை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய விட வேண்டியிருக்கும்.

பேப் ஸ்மியரிலேயே புது முறை ஒன்று உண்டு. செல்களைச் சில்லில் தடவாமல், சின்ன புட்டியில் உள்ள திரவத்தில் கலக்கி அனுப்புவார்கள். சளியும் ரத்தமும் வடிகட்டப்படுவதால் படிப்பது சுலபம், "மாதிரி போதவில்லை, திரும்ப வாங்க" என்று கூப்பிடுவதும் குறைவு. அதே புட்டியிலிருந்து எச்பிவி சோதனையும் செய்துகொள்ளலாம். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

நான்காவது ஒன்று உண்டு, தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்: வினிகர் சோதனை. 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிற இடம் உண்டா என்று கண்ணால் பார்ப்பார்கள். ஆய்வுக்கூடமே வேண்டாம், முடிவு அங்கேயே தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2007-இல் வெளியானது. இந்தச் சோதனையும் அதைத் தொடர்ந்த சிகிச்சையும் கிடைத்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 35 விழுக்காடு குறைவு. ஆனால் மாதவிலக்கு நின்றவர்களுக்கு, பார்க்க வேண்டிய இடம் உள்ளே ஏறிவிடுவதால் இது சரிப்படாது. பார்ப்பவரைப் பொறுத்து முடிவும் மாறும். மலேசியாவில் நமக்கு இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

எச்பிவி, பேப் ஸ்மியர், வினிகர் மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்தது. 30 முதல் 59 வயதுக் கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல் அதில் இருந்தார்கள். 2009-இல் வந்த முடிவின்படி, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எச்பிவி சோதனை செய்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் வந்த சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரே ஒரு தடவை பேப் ஸ்மியரோ வினிகர் சோதனையோ எடுத்த ஊர்களில் அப்படிச் சொல்லும்படியான குறைவு தெரியவில்லை. அந்தப் பெண்கள் காட்டு வேலைக்குப் போகிறவர்கள், அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் லயத்து முகங்கள்தான் கண் முன் வந்தன.

மூன்றாம் படி: வயதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

30 முதல் 65 வயது வரை என்றால் எச்பிவி சோதனை கேளுங்கள். மலேசிய சுகாதார அமைச்சு 2019 முதல் அதை அரசு கிளினிக்குகளில் படிப்படியாகக் கொண்டுவந்தது. முடிவு நல்லதாக இருந்தால் அடுத்தது 5 ஆண்டு கழித்துத்தான். அது கிடைக்காத இடத்தில் பேப் ஸ்மியர் எடுத்துக்கொள்ளுங்கள். "அது வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

30-க்குக் கீழே, குடும்ப வாழ்க்கை தொடங்கியவர் என்றால் பேப் ஸ்மியர். முதல் இரண்டு ஆண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டும் நன்றாக இருந்தால் 3 ஆண்டுக்கு ஒரு தடவை.

1997-இலும் அதற்குப் பிறகும் பிறந்த பெண்கள் பலர் படிவம் ஒன்றில், 13 வயதில், எச்பிவி தடுப்பூசி போட்டிருப்பார்கள், அந்தத் திட்டம் 2010-இல் தொடங்கியது. ஊசி போட்டவர்களுக்கும் சோதனை வேண்டும், ஏனென்றால் அது எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை. கருப்பையை எடுத்துவிட்டவர்கள், கருப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பார்க்க வேண்டும். வாய்ப்பகுதியை விட்டுவைத்திருந்தால் சோதனை தொடரும். எச்ஐவி உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, இன்னும் இளமையிலேயே தொடங்கி இன்னும் அடிக்கடி எடுக்க வேண்டும்.

மாதவிலக்கு நின்றுவிட்டால் இதெல்லாம் தேவையில்லை என்று நினைக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த எண்ணம் தவறு. 50-லும் 60-லும் வருகிற நோய் இது.

நான்காம் படி: நாள் குறிப்பது

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குப் பேப் ஸ்மியர் இலவசம். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்பிபிகேஎன் நடத்தும் நூர் செஜாத்தெரா கிளினிக்கிலும் எடுக்கலாம். போவதற்கு முன்பு போன் செய்து, எந்த நாளில் எடுக்கிறார்கள், எச்பிவி குச்சி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஐசி (அடையாள அட்டை) இல்லாதவர்கள் கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டுவிட்டுப் போவது நல்லது. அங்கே போய்த் தலைகுனிந்து திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பிறகு அவர்கள் எதற்குமே கிளினிக் பக்கம் போவதில்லை.

மாதவிலக்கு நாளில் போக வேண்டாம். பேப் ஸ்மியர் என்றால் இரண்டு நாளைக்கு முன்பிருந்தே உள்ளே வைக்கும் மருந்து, உள்ளே கழுவுவது, உடலுறவு மூன்றும் கூடாது. பால் மரம் வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது, விடியற்காலை மழை பெய்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டால், அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். சம்பளம் போகாது.

ஐந்தாம் படி: எடுக்கும்போது

மிஸ்ஸி எடுப்பது என்றால், பழைய கைலி ஒன்று கொண்டு போங்கள். இடுப்புக்குக் கீழே அதைச் சுற்றிக்கொண்டு படுத்தால் கூச்சம் பாதி குறைந்துவிடும். வாத்து மூக்கு மாதிரி ஒரு கருவியை உள்ளே வைத்து விரிப்பார்கள். அந்த நேரத்தில் மூச்சை அடக்காதீர்கள், வாயைத் திறந்து மெதுவாக விடுங்கள், தசை தளரும். சிறு தூரிகையால் சுழற்றி எடுப்பார்கள். அதிகம் போனால் ஐந்து நிமிடம். பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்கலாம். வலித்தால் "நிறுத்துங்க" என்று சொல்லலாம். இரண்டுக்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்களே எடுப்பது என்றால், கிளினிக் கழிவறையிலோ திரைக்குப் பின்னாலோ எடுக்கலாம். கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். குச்சியின் நுனி பஞ்சு மாதிரி மென்மையாக இருக்கும். அதை எங்கேயும் தொடவிடாதீர்கள். ஒரு காலைத் தூக்கி வைத்தோ, குத்தவைத்தோ, குச்சியில் போட்டிருக்கும் கோடு வரை மெதுவாக உள்ளே விடுங்கள். இருபது, முப்பது எண்ணும் வரை சுழற்றுங்கள். வெளியே எடுத்து, கொடுத்த குழாயில் போட்டு மூடுங்கள். அவ்வளவுதான். கருப்பை வாயைச் சரியாகத் தொட வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். வைரஸ் அந்தப் பாதையிலும் படிந்திருக்கும். சரியான ஆய்வுக்கூட முறையில் சோதித்தால், நாமே எடுப்பதும் டாக்டர் எடுப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு துல்லியம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சந்தையில் கேட்ட அக்காவுக்கு இதுதான் பதில்: நீங்களே எடுக்கலாம், சரியாகவே வரும். நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் விசிஎஸ் அமைப்பும் சேர்ந்து தொடங்கிய ரோஸ் திட்டம் இந்த முறையைத்தான் பரப்பியது. சோதனை முடிவு பெண்ணின் கைப்பேசிக்கே வந்துவிடும்.

ஆனால் இதில் உள்ள குறையையும் சொல்ல வேண்டும். நாமே எடுத்த குச்சியில் வைரஸைத் தேடலாம், கருப்பை வாய்ச் செல்களைப் பார்க்க முடியாது. வைரஸ் இருக்கிறது என்று வந்து, அது 16, 18 அல்லாத வகையாக இருந்தால், இன்னொரு தடவை போய்ப் படுத்து, மிஸ்ஸியிடம் ஸ்மியர் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். முதலிலேயே மிஸ்ஸி திரவப் புட்டியில் எடுத்திருந்தால் இரண்டும் ஒரே மாதிரியில் முடிந்துவிடும். தூரத் தோட்டத்திலிருந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவர், கூச்சம் பெரிதாக இல்லை என்றால், மிஸ்ஸியையே எடுக்கச் சொல்வது மேல். கூச்சத்தால் பத்து வருடம் வராமல் இருந்தவருக்குக் குச்சிதான். யோசிக்கவே வேண்டாம்.

ஆறாம் படி: முடிவைத் தேடிப் போய் வாங்குங்கள்

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 34 வயதில் ஒரு கிளினிக்கில் பேப் ஸ்மியர் எடுத்தேன். "ஏதாச்சும் இருந்தா கூப்பிடுவோம்" என்றார்கள். கூப்பிடவில்லை, நல்லதுதான் என்று இருந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து வேறு காரியமாகப் போனபோது கேட்டால், மாதிரி போதவில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. போன் எண்ணில் ஒரு இலக்கம் தவறு. எட்டு மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறேன், எந்த முடிவும் இல்லாமலே.

ஆகவே, எடுத்த அன்றே மூன்று காரியம் செய்யுங்கள். பதிவில் உள்ள உங்கள் எண்ணைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தோட்டத்தில் ப்ரீபெய்ட் சிம்மை மாற்றிக்கொண்டே இருப்போம், அதனால் மகளின் எண்ணையும் கொடுங்கள். முடிவு எந்தத் தேதிக்குள் வரும் என்று கேட்டு, வீட்டு நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். வட்டம் தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டால் நீங்களே போன் செய்யுங்கள். சத்தமில்லை என்றால் நல்ல சேதி என்று அர்த்தம் கிடையாது.

ஏழாம் படி: காகிதத்தைப் படிப்பது

மலாயில் "தீடாக் டிகேசான்" என்றிருந்தால் வைரஸ் இல்லை, 5 ஆண்டு கழித்து வரலாம். "டிகேசான்" என்றால் வைரஸ் இருக்கிறது. 16 அல்லது 18 என்றால் நேராகக் கால்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை. மற்ற வகை என்றால் ஸ்மியர் பார்ப்பார்கள். அதில் மாற்றம் இருந்தால் கால்போஸ்கோபி, இல்லையென்றால் ஓராண்டு கழித்துத் திரும்பச் சோதனை. அந்த ஓராண்டைத் தவற விடாதீர்கள்.

பேப் ஸ்மியர் காகிதத்தில் "லேசான மாற்றம்" என்று வந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், டாக்டர் சொல்லும் தேதியில் திரும்ப எடுத்தால் போதும். "தீவிர மாற்றம்" என்றால் தாமதிக்காமல் போங்கள். இரண்டுமே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை.

இங்கே வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எச்பிவி இருக்கிறது என்று வந்த காகிதத்தை அரிசி டின்னுக்குள் நான்கு மாதம் மறைத்து வைத்திருந்தார் ஒரு தங்கச்சி. "அவர் பார்த்தா நான் யார்கிட்ட போனேன்னு கேப்பாரு" என்று அழுதார். அவரையும் கணவரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: இந்த வைரஸ் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்பு கணவருக்கே தெரியாமல் அவர் உடம்பில் இருந்திருக்கலாம். ஒழுக்கத்துக்கும் இந்தக் காகிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. கணவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "மோட்டார்ல எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் அப்படிப் பேச முடியாத நிலை என்றால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள், முடிவை உங்களிடம் மட்டும் சொல்லச் சொல்லலாம்.

எட்டாம் படி: ஈப்போவுக்குப் போக வேண்டி வந்தால்

"சூராட் ருஜுக்கான்" என்ற பரிந்துரைக் கடிதம் கொடுத்து, இங்கிருந்து பொதுவாக ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எங்கள் ஊரில் பெண்கள் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஆபரேஷன் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள்.

கால்போஸ்கோபி என்பது வெளியே நிற்கும் பூதக்கண்ணாடி. பேப் ஸ்மியருக்குப் படுத்த மாதிரியே படுக்க வேண்டும். வினிகர் தடவிப் பார்ப்பார்கள், சில சமயம் அயோடினும். சந்தேகமான இடத்திலிருந்து அரிசி மணி அளவு சதை கிள்ளி எடுப்பார்கள். சுருக்கென்று இருக்கும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் லேசாக ரத்தக் கறை படும், நாப்கின் எடுத்துக்கொண்டு போங்கள்.

முற்றிய மாற்றம் என்று உறுதியானால், அந்தப் பகுதியை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பி வளையத்தால் சீவி எடுத்துவிடுவார்கள். கருப்பை அப்படியே இருக்கும், பிறகு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். பிரசவம் சற்று முன்கூட்டியே வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதனால் கர்ப்பமானதும் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். வளையத்தால் எடுத்த பிறகும் சில ஆண்டுகள் தொடர்ந்து சோதனைக்குப் போக வேண்டும்.

அரிசி டின் தங்கச்சிக்கு இப்படித்தான் சீவி எடுத்தார்கள். திங்கட்கிழமை போனார், அடுத்த திங்கட்கிழமை தோட்டத்தில் ரப்பர் பால் மங்கு கழுவிக்கொண்டிருந்தார்.

சந்தையில் பார்த்த அக்காவுக்கு "தீடாக் டிகேசான்" வந்தது. ஐந்து ஆண்டு கழித்து வரும் தேதியை எப்படி ஞாபகம் வைப்பது என்று கேட்டார். அவருடைய பேத்தி இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "அவ படிவம் இரண்டுக்குப் போற வருஷம் நீங்க வரணும்க்கா. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, படிவம் ஒண்ணுல எச்பிவி ஊசிக்கு ஸ்கூல்லேர்ந்து சம்மதக் காகிதம் வரும். உங்க மகளைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றேன். நாட்காட்டியின் பின்னட்டையில் இரண்டு வருஷத்தையும் என்னையே எழுதித் தரச் சொன்னார்.